வீட்டுப் பாதைக்கு ஜல்லி ஆர்டர் செய்யப் போறீங்களா? எத்தனை யூனிட் வேணும்னு நீங்களே கணக்குப் போடலாம்!

கேட்டில் இருந்து போர்டிகோ வரை கார் போகும் பாதை, தோட்டத்து வீட்டுக்குப் போகும் வண்டித் தடம், மழை பெய்தால் சேறாகிவிடும் வாசல். இதற்கெல்லாம் கான்கிரீட் போட்டால் செலவு எகிறும் என்பதால், ஜல்லி கொட்டிச் சமன் செய்துவிடலாம் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். முடிவெடுப்பது சுலபம். "எத்தனை லோடு அனுப்பட்டும் சார்?" என்று சப்ளையர் கேட்கும்போதுதான் முழிக்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் மேஸ்திரி ஒருமுறை கண்ணால் அளந்து, "ரெண்டு லோடு போதும்" என்று சொல்வதுதான் கணக்கு. அது குறைந்தால், அரை யூனிட்டுக்காக இன்னொரு வண்டி வாடகை. அதிகமானால், மிஞ்சிய ஜல்லி மாதக்கணக்கில் தெருவோரம் கிடக்கும். வாங்கிய அளவு முழுசாக வந்ததா என்பது இரண்டிலுமே தெரியாது. ஒரு டேப், ஒரு பேப்பர், பத்து நிமிஷம் இருந்தால் இந்த மூன்று பிரச்னைகளையும் தவிர்த்துவிடலாம்.

'லோடு' என்பது அளவு இல்லை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். லோடு என்பது வண்டி வந்துபோகும் நடையைத்தான் குறிக்கும். டிராக்டர் டிரெய்லரும் ஒரு லோடுதான், 10 சக்கர டாரஸும் ஒரு லோடுதான். அதனால் "லோடு எவ்வளவு?" என்று விலை கேட்பதில் அர்த்தமே இல்லை.

தமிழ்நாட்டில் ஜல்லி, எம்-சாண்ட், கிராவல் எல்லாமே 'யூனிட்' கணக்கில்தான் பேசப்படுகிறது. 1 யூனிட் என்றால் 100 கன அடி. அதாவது 10 அடி நீளம், 10 அடி அகலம், 1 அடி உயரத்துக்குப் பரப்பினால் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு. மெட்ரிக் கணக்கில் இது 2.83 கன மீட்டர்.

இப்போது பல கிரஷர்களில் டன் கணக்கிலும் விற்கிறார்கள். யூனிட் என்பது கொள்ளளவு, டன் என்பது எடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் பணம் போகிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஒரே ஒரு ஃபார்முலா போதும்

நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளக்க வேண்டும். தடிமனை இன்ச்சில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு:

நீளம் × அகலம் × தடிமன் ÷ 1200 = யூனிட்

1200 எங்கிருந்து வந்தது? இன்ச்சை அடியாக்க 12 ஆல் வகுக்க வேண்டும், கன அடியை யூனிட்டாக்க 100 ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து 1200. அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் போட்டால், 1 யூனிட் எவ்வளவு இடத்தை மூடும் என்பதும் கிடைத்துவிடும்.

* 2 இன்ச் தடிமனில்: 600 சதுர அடி
* 3 இன்ச் தடிமனில்: 400 சதுர அடி
* 4 இன்ச் தடிமனில்: 300 சதுர அடி
* 6 இன்ச் தடிமனில்: 200 சதுர அடி

கவனிக்க வேண்டியது தடிமனைத்தான். 2 இன்ச் என்று நினைத்த இடத்தில் 3 இன்ச் பரப்பினால் ஒன்றரை மடங்கு ஜல்லி காலியாகிவிடும். நீளத்தில் அரை அடி தப்பினால் பெரிய நஷ்டம் இல்லை. தடிமனில் அரை இன்ச் தப்பினால் கணக்கே மாறிவிடும்.

பாதை நேராக இல்லைன்னா?

எல்லா வீட்டுப் பாதையும் செவ்வகமாக இருக்காது. அதற்கும் வழி இருக்கிறது.

'எல்' வடிவப் பாதை: இரண்டு செவ்வகமாகப் பிரித்துத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். மூலையை இரண்டு முறை சேர்த்துவிடக் கூடாது.

ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல்: இரண்டு அகலங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி அகலம். கேட் அருகே 14 அடி, போர்டிகோ அருகே 10 அடி என்றால் 12 அடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

வளைந்த பாதை: நடுக்கோட்டின் மேல் கயிறு போட்டு அளப்பதுதான் நீளம். ஓரத்தில் அளந்தால் உள்வளைவில் குறையும், வெளிவளைவில் கூடும்.

வண்டி திருப்பும் வட்டம்: விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கினால் சதுர அடி. 20 அடி விட்டம் என்றால் 20 × 20 × 0.785 = 314 சதுர அடி.

மேடு பள்ளமான தரை: இரண்டு பக்கமும் நூல் கட்டி, டியூப் லெவல் வைத்து மட்டம் பார்த்து, 8 அல்லது 10 இடங்களில் நூலில் இருந்து தரை வரை ஆழத்தை அளக்க வேண்டும். அவற்றின் சராசரிதான் தடிமன். ஒரே இடத்தில் அளந்து ஆர்டர் கொடுப்பதால்தான் பாதி பாதையில் ஜல்லி தீர்ந்துபோகிறது.

எந்த அடுக்குக்கு எந்த ஜல்லி?

கார் ஏறி இறங்கும் பாதைக்கு ஒரே வகை ஜல்லியைக் கொட்டினால் போதாது. நாலு மாதத்தில் டயர் போகும் தடம் இரண்டு வாய்க்காலாகிவிடும். வழக்கமாக மூன்று அடுக்கு போடுவார்கள்.

அடி அடுக்கு, கிராவல்: செம்மண்ணும் சின்னக் கற்களும் கலந்த கிராவல் மண். தரையின் ஈரத்துக்கும் ஜல்லிக்கும் நடுவில் கெட்டியான படுகையாக இது இருக்கும். செம்மண் பூமியில் 4 முதல் 6 இன்ச் போதும்.

நடு அடுக்கு, 40 மி.மீ ஜல்லி: ஒன்றரை ஜல்லி என்று கேட்டால் கிடைக்கும். வண்டியின் எடையைத் தாங்குவது இதுதான். 4 இன்ச் போட்டு ரோலர் ஓட்டி, இடைவெளியில் கிரஷர் டஸ்ட் தூவித் தண்ணீர் தெளித்து இறுக்குவார்கள். இதற்குப் பதிலாக, பெரிய ஜல்லி முதல் டஸ்ட் வரை ஏற்கெனவே கலந்து வரும் 'வெட் மிக்ஸ்' வாங்குவதும் உண்டு.

மேல் அடுக்கு, 20 மி.மீ ஜல்லி: முக்கால் ஜல்லி. 2 இன்ச் போதும். நடப்பதற்குச் சுகமாக இருக்கட்டும் என்று 12 மி.மீ அரை ஜல்லி போடுபவர்களும் உண்டு. 6 மி.மீ சிப்ஸ் மட்டும் வேண்டாம். டயர் பட்டன்களில் சிக்கிக்கொண்டு பாதி ஜல்லி ரோட்டுக்குப் போய்விடும்.

"அழகாக இருக்கும்" என்று கூழாங்கல் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செடிகளின் ஓரத்துக்கு அது சரி. கார் போகும் பாதைக்குச் சரிப்படாது. உடைத்த ஜல்லிக்கு முனைகள் இருப்பதால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். உருண்டைக் கல்லுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. சக்கரம் ஏறியதும் உருண்டு விலகிவிடும்.

கரிசல் மண்ணா? கணக்கை மாத்துங்க

மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, கோவை மாவட்டங்களில் கரிசல் பூமி உள்ள இடங்களில் மேலே சொன்ன தடிமன் போதாது. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஈரமாக இருக்கும்போது மேலே கொட்டிய ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றுக்குள் இறங்கிவிடும். "போன வருஷம்தானே கொட்டினோம், எங்கே போச்சு?" என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் தரைக்கு அடியில்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட மண்ணில் கிராவலை 9 இன்ச் வரை கூட்டுவது நல்லது. அல்லது கிராவலுக்கு அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கலாம். தண்ணீர் கீழே இறங்கும், சேறு மேலே ஏறாது.

கடற்கரையோர மணல் பூமியில் பிரச்னை வேறு. அங்கே ஜல்லி அமிழ்வதைவிட பக்கவாட்டில் விலகிப் போவதுதான் அதிகம். ஓரத்தில் கெர்ப் கல்லோ, ஹாலோ பிளாக்கோ பதித்த பிறகுதான் ஜல்லி இறக்க வேண்டும். ஓரக்கட்டு எல்லாப் பாதைக்கும் அவசியம்தான். மணல் பூமியில் அது இல்லாமல் பாதையே நிற்காது.

கணக்கு ரெடி, ஆனா அமுங்குமே?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபார்முலா சொல்வது இறுகிய பிறகு இருக்கும் அளவை. வண்டியில் வருவது தளர்வான ஜல்லி. ரோலர் ஓடியதும் அது அமுங்கும்.

* கிராவல், 40 மி.மீ ஜல்லி, வெட் மிக்ஸ்: 25% கூட்டிக்கொள்ள வேண்டும்
* ரோலர் ஓட்டாத மேல் அடுக்கு: 10% போதும்

இன்னொரு விஷயம், பாதையின் வாட்டம். நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்தினால்தான் மழைத் தண்ணீர் தேங்காது. 10 அடி அகலப் பாதைக்கு நடுவில் 2 இன்ச் உயர்த்தலாம். இதனால் பாதை முழுவதும் சராசரியாக 1 இன்ச் கூடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம்

கேட்டில் இருந்து போர்டிகோ வரை 40 அடி நீளம், 10 அடி அகலம். பரப்பு 400 சதுர அடி. செம்மண் தரை.

கிராவல்: அடுக்கு 6 இன்ச், வாட்டத்துக்கு 1 இன்ச். மொத்தம் 7 இன்ச். 400 × 7 ÷ 1200 = 2.33 யூனிட். 25% கூட்டினால் 2.9. ஆர்டர்: 3 யூனிட்.

40 மி.மீ ஜல்லி: 400 × 4 ÷ 1200 = 1.33 யூனிட். 25% கூட்டினால் 1.67. ஆர்டர்: ஒன்றே முக்கால் யூனிட்.

கிரஷர் டஸ்ட்: ஜல்லி இடைவெளியை அடைக்க மட்டும். இந்தப் பரப்புக்குக் கால் யூனிட் போதும்.

20 மி.மீ ஜல்லி: 400 × 2 ÷ 1200 = 0.67 யூனிட். 10% கூட்டினால் 0.73. ஆர்டர்: முக்கால் யூனிட்.

மொத்தம் 5.75 யூனிட். "ரெண்டு லோடு போதும்" என்ற பேச்சு எந்த வண்டியை நினைத்துச் சொன்னது என்பதைப் பொறுத்து, இதில் பாதியாகவும் இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம்.

எல்லோரும் மறந்துபோகும் கணக்கு ஒன்று உண்டு. மூன்று அடுக்கும் சேர்ந்து 12 இன்ச். தரையைவிட 3 இன்ச் உயரமாகப் பாதை இருந்தால் போதும் என்றால், 9 இன்ச் மண்ணைத் தோண்டி எடுத்தாக வேண்டும். 400 × 9 ÷ 1200 = 3 யூனிட் மண். தோண்டிய மண் உப்பும் என்பதால் வெளியே கிடக்கும்போது அது மூன்றே முக்கால் யூனிட் அளவுக்கு இருக்கும். ஜல்லி வருவதற்கு முன்பே அதை எங்கே கொட்டுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணுக்கும் ஜல்லிக்கும் ஒரே வாசலில் இடச்சண்டை வரும்.

மூணு அடுக்கையும் ஒரே நாளில் இறக்கணுமா?

வேண்டாம். முதலில் கிராவல், பிறகு ஒன்றரை ஜல்லியும் டஸ்ட்டும், கடைசியாக மேல் ஜல்லி. ஒவ்வோர் அடுக்கும் ரோலர் ஓடி இறுகிய பிறகு நூல் கட்டி மீண்டும் ஆழத்தை அளந்து அடுத்ததை ஆர்டர் செய்தால், 25% என்ற ஊகத்துக்குப் பதிலாக நிஜ அளவு கையில் இருக்கும். மேல் ஜல்லிதான் பார்வைக்குத் தெரிவது. அதில் குறையோ மிச்சமோ வராமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

6 இன்ச் கிராவலை ஒரே தடவையில் கொட்டி ரோலர் ஓட்டினாலும் பலன் இல்லை. மேல் பாகம் மட்டும் இறுகும், அடி அப்படியே தளர்வாக இருக்கும். 3, 4 இன்ச் பரப்பித் தண்ணீர் தெளித்து இறுக்கிய பிறகு அடுத்த பாதியைப் பரப்ப வேண்டும்.

வண்டி வந்தாச்சு. முதலில் அளங்க, பிறகு கொட்டச் சொல்லுங்க

கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும், வண்டியில் வருவது குறைந்தால் எல்லாம் வீண். கொட்டிய பிறகு சண்டை போடுவதைவிட, கொட்டும் முன் அளப்பது மேல்.

வண்டியின் பாடியை உள்பக்கமாக அளக்க வேண்டும். வெளிப்பக்கம் அளந்தால் தகட்டின் தடிமனும் சட்டமும் சேர்ந்துவிடும். முன்பக்கம் ஜாக்கிக்காக உள்ளே பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தைக் கழிக்க வேண்டும். உயரத்துக்கு ஒரு கம்பியை அடித் தகட்டில் முட்டும் வரை குத்தி, நாலு மூலை, நடு என 5 இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஓரத்தில் நிரம்பியும் நடுவில் குழியாகவும் இருந்தால் இதில் தெரிந்துவிடும்.

'3 யூனிட்' என்று வரும் டிப்பரின் உள்ளளவு 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். முழுசாக நிரம்பியிருந்தால் 294 கன அடி. கிட்டத்தட்ட 3 யூனிட், சரி. அதே வண்டியில் ஜல்லி இரண்டரை அடி உயரம்தான் இருக்கிறது என்றால் 245 கன அடி. அதாவது 2.45 யூனிட். அரை யூனிட் காணோம். யூனிட் 4,000 ரூபாய் என்று வைத்தால், ஒரே வண்டியில் சுமார் 2,000 ரூபாய்.

"வழியில குலுங்கி இறங்கிடுச்சு அண்ணே" என்று டிரைவர் சொல்லலாம். குலுங்கினால் ஜல்லி கொஞ்சம் அமுங்கும் என்பது உண்மைதான். ஆனால் 3 அடியில் அரை அடி அமுங்காது.

அளப்பதற்குள் கொட்டிவிட்டார்களா? அப்போதும் ஓர் உத்தேசக் கணக்கு உண்டு. கும்பமாகக் கிடக்கும் குவியலின் அடிச்சுற்றளவைக் கயிறு போட்டு அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 38 ஆல் வகுத்தால் கன அடி. சுற்றளவு 45 அடி, உயரம் நாலரை அடி என்றால் 45 × 45 × 4.5 ÷ 38 = 240 கன அடி. சுமார் 2.4 யூனிட். குவியல் சீரான கும்பமாக இருந்தால்தான் இது பொருந்தும். ஆதாரமாக நிற்காது, ஆனால் சந்தேகம் சரியா என்று தெரிந்துகொள்ள உதவும்.

டன் கணக்கில் வாங்கினால்?

தளர்வான கருங்கல் ஜல்லி 1 கன மீட்டருக்குச் சுமார் 1.45 முதல் 1.6 டன் வரை இருக்கும். அப்படிப் பார்த்தால் 1 யூனிட் ஜல்லி சுமார் 4.1 முதல் 4.5 டன். கிரஷர் டஸ்ட்டில் இடைவெளி குறைவு என்பதால் எடை இன்னும் கொஞ்சம் கூடும்.

அதாவது '3 யூனிட் ஜல்லி' என்று சொல்லி வரும் வண்டியின் எடைச்சீட்டில், ஜல்லியின் எடை 12 டன்னுக்கு மேல் இருக்க வேண்டும். 10 டன் என்று இருந்தால் கேள்வி கேட்கலாம்.

எடை மேடை சீட்டில் மூன்று எண்கள் இருக்கும். மொத்த எடை, காலி வண்டி எடை, நிகர எடை. இதில் காலி வண்டி எடை அன்றைக்கே போட்டதா என்று தேதியையும் நேரத்தையும் பார்ப்பது நல்லது. முடிந்தால் ஜல்லி இறக்கிய பிறகு பக்கத்து எடை மேடையில் காலி வண்டியை நிறுத்திப் பார்க்கலாம்.

டஸ்ட், எம்-சாண்ட் போன்ற நைசான பொருட்களில் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். டன் கணக்கில் வாங்கினால் தண்ணீரும் எடையில் சேரும். யூனிட் கணக்கில் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. லேசான ஈரத்தில் மணல் மாதிரியான பொருள் உப்பி, அதிக இடத்தை அடைக்கும். பார்வைக்கு நிறைய, காய்ந்தால் குறைவு. பெரிய ஜல்லியில் இந்தப் பிரச்னை அவ்வளவாக இல்லை.

'6 யூனிட் டாரஸ்': கொஞ்சம் யோசிங்க

10 சக்கர டாரஸில் 6 யூனிட் வரும் என்று சொல்வது சந்தையில் சகஜம். மேலே போட்ட கணக்கின்படி 6 யூனிட் ஜல்லி என்றால் சுமார் 25 டன்னாவது இருக்கும்.

2018-ல் மத்திய அரசு லாரிகளின் சுமை வரம்பை உயர்த்தியது. அதன்படி 3 அச்சு உள்ள லாரிக்கு, வண்டியின் சொந்த எடையும் சேர்த்து 28.5 டன் வரைதான் அனுமதி. காலி வண்டியே 10 டன்னுக்கு மேல் இருக்கும். அப்படியானால் சட்டப்படி அதில் ஏற்றக்கூடியது சுமார் 4 யூனிட் ஜல்லிதான். 2 அச்சு உள்ள 6 சக்கர லாரிக்கு வரம்பு 18.5 டன். அதில் இரண்டரை யூனிட்டுக்கு மேல் போனாலே வரம்பை நெருங்கிவிடும்.

ஆக, '6 யூனிட்' வண்டியில் இரண்டில் ஒன்று நடக்கிறது. அளவு குறைவாக வருகிறது, அல்லது ஓவர்லோடு வருகிறது. ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அது வண்டிக்காரர் பாடு என்று விட்டுவிடவும் முடியாது. வழியில் பிடித்தால் உங்கள் வேலை நின்றுபோகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டு வாசலிலேயே இருக்கிறது. செப்டிக் டேங்க், தண்ணீர் சம்ப் ஆகியவற்றின் மூடிகள் லாரியின் எடைக்குக் கட்டப்பட்டவை அல்ல. லாரி எங்கே வரை வரலாம், எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கோடு கிழித்துக் காட்டிவிட வேண்டும். டிப்பர் பாடியைத் தூக்கும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தெரு குறுகலாக இருந்தால், வாடகை கொஞ்சம் கூடினாலும் சின்ன வண்டியில் இரண்டு நடை அடிப்பதுதான் பாதுகாப்பு. கால் யூனிட், முக்கால் யூனிட் போன்ற சின்ன அளவுகளுக்கு டிராக்டரே வசதி.

நடைச்சீட்டு கேட்டு வாங்குங்க

ஜல்லியும் கிராவலும் சிறுகனிமங்கள். குவாரியில் இருந்தோ கிரஷரில் இருந்தோ எடுத்து வரும் வண்டியில் நடைச்சீட்டு இருக்க வேண்டும். வண்டி எண், தேதி, ஏற்றிய அளவு ஆகியவை அதில் இருக்கும். சீட்டு இல்லாத வண்டி வழியில் பறிமுதல் ஆகலாம். குறிப்பாகக் கிராவல் விஷயத்தில், "பக்கத்து ஏரியில் இருந்து ராத்திரி அடிச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கவே கூடாது.

இந்தச் சீட்டு அளவைச் சரிபார்க்கவும் உதவும். உங்களிடம் 3 யூனிட் என்று சொன்னால், சீட்டில் சுமார் 8.5 கன மீட்டர், அல்லது அதற்கு ஈடான டன் இருக்க வேண்டும். இரண்டும் பெரிய அளவில் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ இடிக்கிறது.

ரசீதும் முக்கியம். உடைத்த ஜல்லிக்கு ஜி.எஸ்.டி 5%. விலை பேசும்போதே வரி, வண்டி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிட வேண்டும். ரசீதில் 'ஜல்லி, 1 லோடு' என்று எழுதினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். என்ன சைஸ், எத்தனை யூனிட் அல்லது எத்தனை டன் என்று எழுதி வாங்க வேண்டும்.

அளவு குறைந்தால் யாரிடம் புகார் செய்வது?

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எடை, அளவு மோசடி பற்றிப் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம். பணம் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

எங்கே போனாலும் கேட்கப்படுவது ஆதாரம்தான். ரசீது, எடைச்சீட்டு, கொட்டும் முன் வண்டியில் டேப் வைத்து எடுத்த போட்டோ. வண்டி எண் தெரிகிற மாதிரி ஒரு படம் போதும். இவை இருந்தால் பெரும்பாலும் புகார் வரை போகவே வேண்டியிருக்காது. டேப்போடு ஆள் நிற்பதைப் பார்த்தாலே அடுத்த வண்டி நிரம்பி வரும்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு பார்வை

* நீளம், அகலம் அடியில். தடிமன் இன்ச்சில். மூன்றையும் பெருக்கி 1200 ஆல் வகுத்தால் யூனிட்
* ஒவ்வோர் அடுக்குக்கும் தனிக் கணக்கு. இறுக்கும் அடுக்குக்கு 25%, மேல் அடுக்குக்கு 10% கூடுதல்
* தோண்டி எடுக்கும் மண்ணுக்கு இடம் பார்த்தாச்சா?
* விலை யூனிட்டுக்கா, டன்னுக்கா? லோடு விலை வேண்டாம்
* 1 யூனிட் ஜல்லி = 100 கன அடி = 2.83 கன மீட்டர் = சுமார் 4.1 முதல் 4.5 டன்
* வண்டி வந்ததும் நடைச்சீட்டு, உள்ளளவு, போட்டோ. அதன் பிறகே கொட்ட அனுமதி
* மேல் ஜல்லியைக் கடைசியாக, மீண்டும் அளந்த பிறகு ஆர்டர் செய்யவும்

சப்ளையருக்கு போன் செய்யும்போது "ரெண்டு லோடு அனுப்புங்க" என்பதற்குப் பதிலாக, "40 மி.மீ ஒன்றே முக்கால் யூனிட், வண்டியில அளந்துதான் இறக்குவேன்" என்று சொல்லிப் பாருங்கள். விலையும் அளவும் அப்போதே ஒழுங்காகப் பேச ஆரம்பித்துவிடும்.